ஜாங்கோ: எதைப் படிப்பது, விஎஸ் கோடில் என்ன போடுவது?

புதுக்கை:
பைத்தான் ஓரளவு வரும். அதில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோ தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. ஒரு வீடியோ தொடரைப் பார்த்து அப்படியே அடித்துக்கொண்டு வந்தால், 'யூஆர்எல்' ஃபங்ஷனை இம்போர்ட் செய்யும் வரியிலேயே எரர். அதை எப்படியோ ஒப்பேற்றி முன்னே போனால், லாக்அவுட் லிங்க்கை அழுத்தியதும் 405 எரர். விஎஸ் கோட் எடிட்டரில் ஜாங்கோ இம்போர்ட் எல்லாவற்றுக்கும் அடியில் மஞ்சள் கோடு, ஆனால் ரன்சர்வர் கொடுத்தால் தளம் ஜம்மென்று ஓடுகிறது. கண்ட எக்ஸ்டென்ஷனையும் போட்டுப் பார்த்ததில் டெம்ப்ளேட்டில் வேலை செய்துகொண்டிருந்த எம்மெட்டும் (சுருக்கமாக அடித்தால் முழு எச்டிஎம்எல்லாக விரியுமே, அது) போச்சு.

பழைய_கீபோர்டு:
தப்பு உங்கள் மேல் இல்லை, வீடியோ பழசு. அந்த 'யூஆர்எல்' ஃபங்ஷனை ஜாங்கோ 4.0 வந்தபோதே, 2021 டிசம்பரில், தூக்கிவிட்டார்கள், 'பாத்' பயன்படுத்துங்கள். லாக்அவுட்டும் அதே கதைதான்: 5.0 முதல் போஸ்ட் கோரிக்கையை மட்டும்தான் ஏற்கும், லிங்க் அனுப்புவதோ கெட், அதனால் லிங்க்கை எடுத்துவிட்டு சிஎஸ்ஆர்எஃப் டோக்கனோடு (போலிக் கோரிக்கையைத் தடுக்கும் குறியீடு) ஒரு சின்ன ஃபார்ம், அதில் ஒரு பட்டன். அதிகாரப்பூர்வ ஆவணத்தில் வாக்கெடுப்பு ஆப் கட்டும் டுட்டோரியல் இருக்கிறது, அதை முதலில் முடியுங்கள். ஒன்று, கூகுளில் தேடிப் போனால் சில சமயம் பழைய பதிப்பின் பக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். வலது பக்கம் கீழ் மூலையில் பதிப்பு எண் இருக்கும், டெர்மினலில் 'பிப் ஷோ ஜாங்கோ' காட்டும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுப் படியுங்கள். நானே 1.11 பக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன்.

செமிகோலன்:
மஞ்சள் கோடு என்றால் எடிட்டர் வேறு பைத்தானைப் பார்க்கிறது என்று அர்த்தம். கன்ட்ரோல்+ஷிப்ட்+பி (P), 'செலக்ட் இன்டர்பிரட்டர்', உங்கள் வென்வில் (ப்ராஜெக்டுக்கான தனி பைத்தான் சூழல்) இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். எம்மெட் நின்றதற்குக் காரணம் ஜாங்கோ எக்ஸ்டென்ஷன்தான்: டெம்ப்ளேட்டின் மொழியை 'ஜாங்கோ எச்டிஎம்எல்' என்று மாற்றிவிடும், எம்மெட்டுக்கு அது தெரியாது. செட்டிங்ஸில் 'எம்மெட் இன்க்ளூட் லாங்குவேஜஸ்' என்று தேடி, அதையும் எச்டிஎம்எல்லாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பைசார்ம் எடிட்டர் வாங்கு என்று யாராவது வருவார்கள், ஜாங்கோ வசதி அதில் காசு கட்டினால்தான், இப்போதைக்கு வேண்டாம்.

ரயில்_கோடர்:
நெட் சரியில்லாத இடமென்றால் ஆவணம் முழுவதையும் பிடிஎஃப், இபப் ஆக இறக்கலாம். அரக்கோணம் தாண்டினால் சிக்னல் போகும் எனக்கு அதுதான் கைகொடுக்கிறது.

புதுக்கை:
அண்ணா, இரண்டு வென்வ் வைத்திருந்திருக்கிறேன், எடிட்டர் காலியானதைப் பிடித்துக்கொண்டிருந்தது. கோடு போயிற்று, எம்மெட்டும் வந்துவிட்டது. லாக்அவுட் ஃபார்ம் போட்டேன், வேலை செய்கிறது, ஆனால் மெனுவில் அந்த ஒன்று மட்டும் பட்டனாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது.

செமிகோலன்:
சிஎஸ்எஸ்ஸில் பார்டரையும் பேக்கிரவுண்டையும் எடுத்துவிடுங்கள், லிங்க் மாதிரியே இருக்கும்.