‘கட்டுப்பாட்டிழப்பு’ வேண்டாம், ‘ஏவல் கேளாமை’ பொருந்துமா?

அன்புள்ள அண்ணாமார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

நான் தமிழில் எழுதும் கடற்பாதுகாப்புக் கையேட்டின் மூன்றாம் அதிகாரத்தில் நான் சிக்கிக்கொண்டிருக்கும் இடம் உங்களுக்குத் தெரியும். பெரிய உல்லாசக் கலம் ஒன்று துறையை அணைகிறது. அதன் தலைவர் (கப்டன்) கலத்தைப் பின்னோக்கி ஓட்ட இயந்திரக் கைப்பிடியைப் பின்னே இழுக்கிறார். கலமோ முன்னுக்கே போய்த் துறைமேடையில் மோதுகிறது. இந்தப் பழுதுக்குப் பெயர் வேண்டும். கனடாவில் இருக்கும் அண்ணா ‘கட்டுப்பாட்டிழப்பு’ என்றார். கொழும்பிலிருந்து எழுதும் ஆசிரியை ‘கட்டுப்பாட்டுத் தொகுதிச் செயலிழப்பு’ என்றார். இரண்டையும் கையேட்டில் வைத்து வாசித்துப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை.

‘வேகக் கட்டுப்பாட்டை இழந்த மோட்டார் சைக்கிள் மதிலுடன் மோதியது’ என்ற வசனம் எங்கள் யாழ்ப்பாணத்துச் செய்தித்தாள்களில் அடிக்கடி வருகிறது. அதை வாசிப்பவர் ஓட்டியவரைத்தான் திட்டுவார். பிரேக் கம்பி அறுந்ததா என்று கேட்கத் தோன்றாது. கட்டுப்பாட்டை இழத்தல் என்றாலே மனிதன் தவறினான் என்ற பொருள் நம் காதில் ஊறிவிட்டது. விசாரணை தொடங்கும் முன்பே தலைவரைக் கூண்டில் ஏற்றும் சொல்லை ஒரு பாதுகாப்புக் கையேட்டில் எழுத எனக்குக் கை வரவில்லை.

‘செயலிழப்பு’ இதற்கு நேர்மாறான தவறு. இங்கே இயந்திரம் செயலிழக்கவில்லை. முழுப் பலத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறது. அதுதானே ஆபத்து!

2021 பெப்ரவரி 24 அன்று கரிபியன் தீவான சின்ட் மார்ட்டினில் ‘கோ’ என்ற 77 மீற்றர் நீளக் கலம் அங்குள்ள படகுக் கழகத்தின் மேடையை உடைத்துக்கொண்டு போனது. கணினிக் கட்டுப்பாடு பழுதானது என்று அதன் தலைவர் தெரிவித்தார். 2019 ஜூன் 2 அன்று வெனிஸ் நகரத்துக் கால்வாயில் ‘எம்.எஸ்.சி. ஒப்பெரா’ என்ற பயணிகள் கப்பல் கரையோடும், அங்கே கட்டியிருந்த ஆற்றுப் படகோடும் மோதியது. இழுவைப்படகுகள் இழுத்துப் பிடித்தும் நிற்கவில்லை. இழுவைக் கயிறு அறுந்தது. இயந்திரம் உந்தும் நிலையிலேயே சிக்கிக்கொண்டது என்று இழுவைப்படகு நிறுவனத்தார் அப்போது சொன்னார்கள்.

இவற்றோடு 2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் பாலத்தை வீழ்த்திய ‘டாலி’ என்ற சரக்குக் கப்பலை வைத்துப் பாருங்கள். நம் கொழும்புக்கு வரப் புறப்பட்ட கப்பல் அது. வீதி திருத்திக்கொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். கப்பலில் மின்சாரம் அற்றுப்போனது. முதல் மின்னிழப்புக்குச் சரியாகப் பொருந்தாத ஒரு மின்கம்பியே காரணம் என்று அமெரிக்க விசாரணையாளர்கள் கண்டார்கள். அங்கே ஏவலைக் கேட்பதற்கு இயந்திரம் உயிரோடு இல்லை. ‘ஒப்பெரா’வில் உயிரோடு இருந்தது, கேட்கவில்லை. முதலாவதற்கு ‘முழு மின்னிழப்பு’ போதும். இரண்டாவதற்குத்தான் பெயரில்லை. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், எதைப் பழுது பார்ப்பது என்பதே மாறிப்போகும்.

எனக்குச் சொல் கிடைத்தது ஒரு படகில். சில ஆண்டுகளுக்கு முன் தீவுப் பக்கத்து இறங்குதுறை ஒன்றில் எங்கள் படகு அணைந்தபோது கியர் கம்பி அறுந்துவிட்டது. இயந்திரம் உறுமுகிறது, படகு கல்லணையை நோக்கி நேரே போகிறது. ஓட்டிய ஐயா ‘றிவேர்ஸ் கேட்கவில்லை, எல்லோரும் பிடியுங்கோ!’ என்று கத்தினார். படகின் முன்பகுதியான அணியம் பிளந்தது, ஓர் அம்மாவின் முழங்கையில் காயம். பல நாள் கழித்துத்தான் அந்த வார்த்தை எனக்கு உறைத்தது. அவர் ‘இழந்துவிட்டேன்’ என்று சொல்லவில்லை. ‘கேட்கவில்லை’ என்றார். மாடு கேட்கவில்லை, பிள்ளை சொல் கேட்கவில்லை என்பதுபோல. சொன்னவர் சொன்னார், கேட்க வேண்டியது கேட்கவில்லை. யார் பக்கம் பழுது என்பது அந்த வினையிலேயே இருக்கிறது.

ஆகவே ‘ஏவல் கேளாமை’ என்று முன்மொழிகிறேன். ‘விசிறி ஏவல் கேளாது முன்னோக்கியே உந்தியது’, ‘ஏவல் கேளாத சுக்கான்’ என்று எப்படியும் வளைகிறது. (விசிறி என்பது கலத்தை உந்தும் சுழலி.) பழைய கப்பல்களில் தலைவர் ஒரு கருவியின் முள்ளைத் திருப்பி மணியடித்து இயந்திர அறைக்கு ஏவல் அனுப்புவார். கீழே இருப்பவர் தன் முள்ளைத் திருப்பி ‘கேட்டேன்’ என்று காட்டுவார். இன்று பல கப்பல்களில் கைப்பிடியிலிருந்து மின்குறிப்பு போகிறது, வால்வு திறக்கிறது, விசிறி இதழ்களின் சாய்வு மாறுகிறது. ஆள் போனாலும் ஏவல் போகவில்லை. துறையணையும்போது வேகம் குறைவு. சுக்கானில் நீர் போதிய அளவு மோதாததால் அதற்குப் பிடிப்பும் குறைவு. அதனால் முன்னே, பின்னே என்று அடுத்தடுத்துப் பலமுறை ஏவ வேண்டியிருக்கிறது. கேளாமல் போவதற்கு அத்தனை வாய்ப்புகள்.

‘ஏவல்’ என்றால் பில்லி சூனியம் நினைவுக்கு வருகிறது என்று ஓர் அக்கா எழுதியிருந்தார். உண்மைதான், எங்கள் ஊரில் அந்தப் பொருள் இன்னும் அழியவில்லை. ஆனால் ஏவல் வினையைப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளை பயப்படுவதில்லை. ஏவுகணையைச் செய்தியில் வாசிப்பவரும் பயப்படுவதில்லை. ‘கேளாமை’ செவிப்புலன் குறையைக் குறிக்கிறதே என்பது இதைவிடக் கனமான மறுப்பு. தனியே ‘கேளாமை’ என்று ஒருபோதும் எழுதக் கூடாது, ‘ஏவல்’ முன்னே நிற்க வேண்டும் என்பதே என் விடை. அது போதாது என்று நினைப்பவர்கள் ‘ஏவல் பணியாமை’யைப் பரிசீலிக்கலாம். எனக்கு அது சற்று அரண்மனை வாசம் வீசுகிறது.

இன்னொன்று. பெரிய கலங்களில் தலைவர் கப்பலைச் செலுத்தும் அறையின் ஓரத்துக்குப் போய் எட்டிப் பார்த்தபடி அணைப்பதற்கு அங்கேயும் கைப்பிடிகள் உண்டு. நடுவிலிருந்து பொறுப்பை அங்கே மாற்றாமல் இழுத்தால் எதுவும் நடக்காது. இது இயந்திரப் பழுதல்ல. ‘கைமாற்று’ என்று எழுதினால் யாழ்ப்பாணத்தார் கடன் என்றுதான் நினைப்பார்கள். ஆகவே ‘ஏவல் ஒப்படைப்பு’ என்று குறித்திருக்கிறேன்.

‘துறையணைதல்’ என்ற சொல்லை எவரும் மறுக்கவில்லை என்பதில் மகிழ்ச்சி. மேடையில் கயிற்றால் கட்டிய கப்பலையும் ‘நங்கூரமிட்டது’ என்று எழுதும் வழக்கம் ஒழிய வேண்டும். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைக்குப் போய்ச் சேர்ந்தது. அணியம், சுக்கான், தண்டயல் (கப்பல் தலைவர்) என்று கப்பலுக்குச் சொல் வைத்திருந்த ஊர் அது. அங்கே இன்னும் இருக்கிற முதியவர்களிடம் கேட்காமல் நாம் அகராதியை மட்டும் புரட்டுவது எனக்கு உறுத்துகிறது.

வரும் சனிக்கிழமை வல்வெட்டித்துறைக்குப் போகிறேன். பின்னே ஏவியும் கலம் முன்னுக்கே போனால் அவர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதி அனுப்புகிறேன். அதுவரை மூன்றாம் அதிகாரத்தை அச்சுக்கு அனுப்பாமல் வைத்திருப்பேன்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து உங்கள் தம்பி