மறு: மறு: ‘ஃபிளேவர் டெக்ஸ்ட்’ – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

அட்டை விளையாட்டு ஒன்றின் விதிநூலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அட்டைகளைச் சேர்த்து, பிறரிடம் மாற்றிக்கொண்டு, தனக்கென ஒரு கட்டு அமைத்து ஆடும் வகை. வெள்ளி இரவு கோப்பை அனுப்பியாக வேண்டும். “அட்டையின் பகுதிகள்” என்ற பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். பெயர், விலை, படம், வகை, விதி வரையில் சிக்கல் இல்லை. அட்டையின் அடியில் சாய்வெழுத்தில் ஓரிரு வரி வருமே, ஆங்கிலத்தில் ‘ஃபிளேவர் டெக்ஸ்ட்’ (ஃபிளேவர் என்றால் சுவை) என்பது, அதற்குத் தமிழில் என்ன பெயர்? ஆட்டத்தில் அதற்கு எந்த வேலையும் கிடையாது. பாத்திரத்தின் குணத்தையோ அந்த உலகத்தின் ஒரு துணுக்கையோ சொல்லிவிட்டுப் போகும்.

ஏன் இவ்வளவு கவலை என்றால்: ‘முட்காவலன்’ என்று ஓர் அட்டை. விதி: “இவன் களத்தில் இருக்கும்வரை எதிராளியின் காலாட்கள் தாக்க முடியாது.” அடியில் சாய்வாக: “ஒருமுறை விழுந்தால் இருமுறை எழுவான்.” சோதனை ஆட்டத்தில் ஒருவர், செத்துப்போன முட்காவலனை எடுத்து மறுபடி களத்தில் வைத்தார். கேட்டால், “அட்டையிலேயே போட்டிருக்கிறதே!” அவர் மேல் தவறு இல்லை. ஆகவே, வருகிற சொல்லைக் கேட்டவுடனே ‘இது விதி இல்லை’ என்று புரிய வேண்டும். ‘சுவையுரை’ என்று போட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை.

* * *

தம்பிக்கு வணக்கம்.

சுவையுரையை அவசரப்பட்டுத் தள்ள வேண்டாம். சுவை நாக்கோடு நின்றுவிடும் சொல் என்று யார் சொன்னது? தொல்காப்பியர் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடு, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சி, சொன்னார். உரையாசிரியர்கள் அதைச் சுவை என்ற சொல்லைக் கொண்டே விளக்கினார்கள். உங்கள் அடிவரிகளை இந்த எட்டில் அடக்கிப் பாருங்கள். முட்காவலன் பெருமிதம்.

அது வேண்டாமென்றால் இன்னொன்று. சோழர் கல்வெட்டில் நிலம் எவ்வளவு, யாருக்கு, எல்லை எது என்பதெல்லாம் பின்னால்தான் வரும். அதற்கு முன் ‘திருமகள் போல’ என்று தொடங்கி அரசனின் வெற்றிகளை அடுக்குவார்கள். மெய்க்கீர்த்தி. அதை நீக்கினாலும் கொடை கொடைதான், ஒரு குழி நிலம் கூடாது, குறையாது. உங்கள் அட்டையில் அது தலைகீழாக அடியில் இருக்கிறது, அவ்வளவுதான். ‘கீர்த்திவரி’ என்று வைக்கலாம்.

* * *

ஐயா, கீர்த்தி வடசொல். அதைத் தூக்கி இன்றைய ஆட்டத்தில் வைப்பதற்கு ஆங்கிலத்தையே வைத்துக்கொள்ளலாம். மேலும், மெய்க்கீர்த்திக்கு வேலை இல்லை என்பதும் சரியில்லை. ஆண்டுக்கணக்கு தேய்ந்துபோன கல்வெட்டை அதை வைத்துத்தானே காலம் கணிக்கிறார்கள்?

என் பரிந்துரை: புனைவரி. புனைதல் என்றால் அழகுசெய்தல், கற்பனையாகப் படைத்தல், இரண்டும். இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது.

* * *

நான் இந்த ஆட்டங்களை ஆடுகிறவள். தமிழறிவு உங்களைப் போல இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு சொல் போதாது என்று தோன்றுகிறது.

‘மேஜிக்: தி கேதரிங்’ என்ற அட்டை ஆட்டம் 1993இல் வந்தது, ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்தது. அதன் முழு விதித்தொகுப்பில் 207ஆம் விதி அட்டையின் எழுத்துப்பெட்டியைப் பற்றியது. ஆட்டத்தில் வேலை இல்லாத சாய்வெழுத்து அதில் சில வகை; மூன்றை மட்டும் சொல்கிறேன். ஒன்று, அடைப்புக்குறிக்குள் வருவது; ஏற்கெனவே உள்ள விதியைச் சுருக்கமாக ஞாபகப்படுத்தும். இரண்டு, தம்பி கேட்பது. படத்தைப் போலவே ஆட்டத்துக்கு அழகு சேர்ப்பது என்று அந்த விதியே சொல்கிறது. மூன்று, ஒரே மாதிரி வேலை செய்யும் திறன்களின் முன்னால் ஒட்டியிருக்கும் சொல்; இனம் காட்டுவதோடு சரி. முதலாவதற்கு ‘நினைவூட்டு வரி’ என்று யாரும் சண்டையில்லாமல் ஒப்புக்கொள்வீர்கள். மூன்றாவது தம்பியின் ஆட்டத்தில் இல்லையென்றால் விட்டுவிடுவோம்.

இரண்டாவதற்கு நான் ‘கதைவரி’ என்பேன். ஆடுகிறவர் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

இன்னொன்று, தம்பி. சாய்வெழுத்தை நம்பாதீர்கள். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் சாய்வு வடிவம் தனியாகக் கிடையாது; மென்பொருள் நேரெழுத்தையே பிடித்துத் தள்ளிவிடும். அட்டை அளவில் அச்சிட்டால் சாய்ந்ததும் தெரியாது, படிக்கவும் வராது. அந்தச் சோதனை ஆட்டக்காரர் குழம்பியதற்குப் பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம். விதிக்கும் அடிவரிக்கும் நடுவே ஒரு கோடு போடுங்கள்.

* * *

அம்மா, கோடு நல்ல யோசனை. ஆனால் நீங்கள் சாய்வு என்றதும் எனக்கு ஒன்று பளிச்சிட்டது. கூன்!

யாப்பில், அடியின் அளவுக்குள் அடங்காமல் தனியே நிற்கும் சொல்லுக்குக் கூன் என்று பெயர். பொருளோடு ஒட்டியிருக்கும், சீர்க்கணக்கில் சேராது. நீங்கள் எல்லாரும் தேடும் இலக்கணம் இதுதானே? அட்டையோடு ஒட்டியது, ஆட்டக்கணக்கில் சேராதது. எழுத்தும் கூன்போல வளைந்து சாய்ந்து நிற்கிறது. கூன் அடியின் முதலில் அல்லவா வரும் என்று கேட்பீர்கள். வஞ்சிப்பாவில் இறுதியிலும் வரலாம். ஆக, அட்டை வஞ்சிப்பா. முடிந்தது.

* * *

ஐயா, வஞ்சிப்பா படித்தவர் எத்தனை பேர் இந்த விதிநூலைப் படிக்கப் போகிறார்கள்? மற்ற எல்லாருக்கும் கூன் என்றால் முதுகுதான்.

கதைவரிக்கும் மறுப்பு சொல்லிவிடுகிறேன். ‘கதை’யும் வடசொல்தான்.

* * *

கதை வடசொல்லாகவே இருக்கட்டும். ஈழத்தில் பேசுவதையே கதைப்பது என்கிறோம். இத்தனை காலம் வாயில் புழங்கியதை வெளியேற்றிவிட்டு எதைப் பேசுவது? (மன்னிக்கவும், எதைக் கதைப்பது?)

வரிக்கும் ஒரு எச்சரிக்கை. வரி என்றால் கட்ட வேண்டிய வரியும்தான். “கதைவரி எவ்வளவு?” என்று யாராவது கேட்கத்தான் போகிறார்கள். சிலப்பதிகாரத்தில் கானல்வரி பாட்டு, புலியின் மேல் வரி கோடு. எனக்கு இதில் ஆட்சேபம் இல்லை, பாட்டும் கோடும் அட்டைக்குப் பொருத்தம்தான்.

* * *

வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். மாணவர்களிடம் ஆளுக்கு ஓர் அட்டை வடிவமைக்கச் சொல்லியிருந்தேன். இந்தப் பகுதிக்குப் பெயர் சொல்லாமல், பலகையில் ஒரு காலிப்பெட்டி மட்டும் வரைந்து, “இதில் எழுதுவது ஆட்டத்தைப் பாதிக்காது” என்றேன். அரை மணி நேரத்தில் அவர்களே பெயர் வைத்துவிட்டார்கள்: சும்மா வரி. “டேய், உன் சும்மா வரி நல்லாருக்கு.” ஒருவருக்கும் குழப்பம் இல்லை.

ஆனால் விளைவும் பார்த்தேன். சும்மா என்றதால் பாதிப் பேர் சும்மாவே எழுதினார்கள். “இவன் மிகவும் பலசாலி” என்று ஒரு வரி. பலம் ஏழு என்று மேலேயே எண் இருக்கிறது! எண் சொன்னதைத் திருப்பிச் சொல்ல அந்த இடம் எதற்கு? ஒரே ஒருத்தி, பலம் ஒன்று மட்டும் உள்ள ஒரு கிழட்டுக் காவல்காரனுக்கு இப்படி எழுதினாள்: “மணி அடிப்பான். அதற்குமேல் அவனிடம் யாரும் எதிர்பார்த்ததில்லை.” அந்த அட்டையை எல்லாரும் தங்கள் கட்டில் வைத்துக்கொண்டார்கள், தோற்பதற்கென்றே.

* * *

சும்மாவை இளக்காரமாக நினைக்க வேண்டாம். அருணகிரிநாதருக்கு முருகன் சொன்ன உபதேசமே ‘சும்மா இரு’ என்பதுதான்...

* * *

ஐயா, மன்றாடிக் கேட்கிறேன், இன்றைக்கு வியாழன்.

இதற்கிடையில் பெரிய வெடிகுண்டு ஒன்று. ஓர் அட்டையின் விதி: “பெயரில் ‘முள்’ உள்ள உன் அட்டை ஒவ்வொன்றுக்கும் வலிமை ஒன்று கூடும்.” மூலத்தில் அந்தச் சொல் எல்லாப் பெயரிலும் மாறாமல் இருக்கிறது. என்னிடம் இருப்பதில் சந்தியால் ‘ள்’ மாறிவிடுகிறது: முட்காவலன், முள்வேலி, முண்மதில். எழுத்தைப் பார்த்தால் முள்வேலிக்கு மட்டும்தான் வலிமை கூடும்.

* * *

ஆகா, இதற்குத்தான் காத்திருந்தேன். பெயர் என்பது பல ஆட்டங்களில் விதியின் ஒரு பகுதி. யூ-கி-ஓ என்ற ஜப்பானிய அட்டை ஆட்டத்தில் பெயரில் இருக்கும் ஒரு சொல்லை வைத்தே அட்டைகள் ஒரு கூட்டமாகும். ஜப்பானிய மூலத்தில் பேய் என்று பொருள்படும் ஒரே சொல் பல அட்டைகளில் இருந்தது. ஆங்கிலத்தில் ஆளுக்கொரு பெயராக மாற்றிவிட்டார்கள். பிறகு அந்தக் கூட்டத்துக்கென்று விதிகள் வந்தபோது விழித்தார்கள். பழைய அட்டைகளில், “இந்த அட்டை எப்போதும் இன்ன கூட்டத்தைச் சேர்ந்ததாகவே கருதப்படும்” என்று ஒரு வரியை ஒட்டவேண்டி வந்தது. அவர்களுக்குச் சந்தி இல்லாமலே இந்தக் கதி!

நமக்கு எதிர்ப்பக்கமும் ஆபத்து உண்டு. ‘நெருப்பு’ என்று ஒரு கூட்டம் வைத்தால் நெருப்புக்கோழி தலையை நீட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடும். ‘தீ’ என்று வைத்தால் தீவும் தீர்ப்பும் தீக்குள்.

வழி இரண்டு. பெயரைத் தொடாமல், வகை வரியில் “இனம்: முள்” என்று தனியாக அச்சிட்டு விதியை மாற்றலாம். அல்லது சந்தியை விட்டுவிட்டு முள்காவலன், முள்மதில்.

* * *

சந்தியை விடுவதா? முதலாவதே வழி.

பெயர் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்றும். ஆங்கிலத்தில் பெயரை முதலில் வைத்து, காற்புள்ளி போட்டு, பட்டத்தைப் பின்னால் சேர்க்கிறார்கள். தமிழில் அடைமொழி முன்னால்தான் வரும்: தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன். தயவுசெய்து ‘நெடுஞ்செழியன், செருவென்றவன்’ என்று எழுதிவிடாதீர்கள்.

* * *

ஐயா, அந்தப் பெயரை எழுதினால் அட்டையில் படத்துக்கு இடம் இருக்காது.

* * *

பெயரா வரியா என்று பிரித்துப் பேசுகிறீர்கள். செம்புலப்பெயனீரார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்ற சங்கப் புலவர்களை நினைத்துப் பாருங்கள். இயற்பெயர் தொலைந்து, எழுதிய வரியே பெயராகிவிட்டது. வகுப்பில் அந்தக் காவல்காரனுக்கு வேறு பெயர் இருந்தது. இப்போது எல்லாருக்கும் அவன் ‘மணி அடிப்பான்’தான்.

* * *

வெள்ளி, இரவு 11.40. எண்ணிப் பார்த்தேன்: கதைவரிக்கு ஐந்து பேர், புனைவரிக்கு நான்கு, கூனுக்கு ஒருவர். கதைவரி என்றே போட்டு, “கதைவரி ஆட்டத்தைப் பாதிக்காது” என்று கீழே ஒரு வாக்கியமும் சேர்த்து அனுப்பிவிட்டேன். நடுவே கோடும் உண்டு. இனக்குறி சேர்க்க வடிவமைப்பாளர் சம்மதிக்கவில்லை, வகை வரியில் இடமில்லையாம். அதனால் பெயர்களில் சந்தியைப் பிரித்துவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

* * *

புனைவரி என்றே நான் எழுதுவேன். பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

* * *

நான் கூன் என்றே. அது போகட்டும். ‘முள்மதில்’ என்று தமிழில் ஒரு சொல் கிடையாது. முண்மதில். அடுத்த பதிப்பிலாவது திருத்துங்கள்.

* * *

திருத்தினால் அதன் வலிமை ஒன்று குறையும், ஐயா.