நீலகிரியின் சாரல் மாதங்களில் மனம் சுருங்குவது பழக்கத்தாலா, பச்சைத் தேயிலை விலையாலா?

அரவேணுக்காரி:
சாரல் பிடித்த நாளிலிருந்து என் கொழுந்தனார் வீட்டுப்படி இறங்கவில்லை. ஜன்னலைச் சாத்திக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு விடியவிடியக் கைபேசி பார்க்கிறார். எழுவது பத்து மணிக்கு. கேட்டால் ‘மனம் சரியில்லை அண்ணி’ என்கிறார். முப்பது ஆண்டுகள் செவிலியாக இருந்தவள் சொல்கிறேன்: மனம் கெட்டதால் இந்தப் பழக்கம் வந்தது என்று அவர் நினைக்கிறார். பாதி கெட்டதே இந்தப் பழக்கத்தால்தான்.

கீழ்க்கோத்தகிரி விவசாயி:
அக்கா, அவருக்கு எத்தனை ஏக்கர் என்று சொல்லவில்லையே. எனக்கு ஒன்றரை ஏக்கர். பறிகூலியும் உரமும் போக இலை விலையில் மிஞ்சுவது வண்டி வாடகைக்கே காணாது. எனக்குத் தூக்கம் வராதது கைபேசியாலா, கடன் தவணையாலா? மூச்சை நன்றாக இழுத்து விடச் சொல்லி ஊருக்கு ஊர் வந்து பாடம் நடத்துகிறார்கள். விடுகிற மூச்செல்லாம் பெருமூச்சாகவே வருகிறது.

லவ்டேல் ஜன்னல்:
நான் வீட்டிலிருந்தே கணினி வேலை பார்ப்பவன். பருவகால மனச்சோர்வு என்று ஒன்றை 1984இல் மனநல மருத்துவர் நார்மன் ரோசந்தால் விவரித்தார். நம் மூடுபனியும் அதைத்தான் செய்கிறது போலும்.

அரவேணுக்காரி:
தம்பி, குளிர்காலத்தில் பகல் வெகுவாகச் சுருங்கும் வடக்கு நாடுகளில் பேசப்படுவது அது. நாம் 11 பாகை அட்சரேகையில் இருக்கிறோம். இங்கே மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம் அளவுதான். மேகம் மூடிய பகலில்கூட வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் வெளிச்சம் இருக்கும். விளக்குப் போட்ட அறையில் சில நூறு லக்ஸ் இருந்தால் அதிகம். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் மூளைக்குள் இருக்கும் கடிகாரம் சரியாக ஓடி, இரவில் உரிய நேரத்துக்குத் தூக்கத்துக்கான மெலடோனின் ஹார்மோனைச் சுரக்க வைக்கும். சூரியன் எங்கும் போய்விடவில்லை, நாம்தான் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறோம். காலையில் அரை மணி நேரம் நடங்கள்.

கீழ்க்கோத்தகிரி விவசாயி:
ஆறு மணிக்கு எங்கள் தெருவில் கரடி நடக்கிறது அக்கா. போன வாரம் கோயில் விளக்கில் இருந்த எண்ணெயைக் குடித்துவிட்டுச் சாவகாசமாகப் போனது. அதற்கு மனச்சோர்வு இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

பந்தலூரான்:
சிரிப்புக்கு நடுவே ஒன்று சொல்கிறேன். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் குடியேறியவர் என் அப்பா. ‘குளிருக்கு’ என்றுதான் குடிக்கத் தொடங்கினார். மது தோலுக்கு அடியில் ரத்தத்தைப் பாய்ச்சிச் சூடுபோலக் காட்டும். உண்மையில் உடல் சூட்டை இழக்கும். தூக்கமும் அப்படித்தான்: சீக்கிரம் வரும், பின்னிரவில் உடையும். மூன்று மணிக்கு எழுந்து இருட்டில் உட்கார்ந்திருப்பார். மருத்துவர் துணையோடு குடியை விட்டார், அந்த உட்காரல் நின்றது. கூலி அப்படியேதான் இருந்தது, லயம் அப்படியேதான் ஒழுகியது.

கீழ்க்கோத்தகிரி விவசாயி:
இதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் உங்கள் அப்பாவுக்குக் குறைந்த கூலியானாலும் மாதம் பிறந்தால் கைக்கு வந்தது. எனக்கு நாளைய விலை என்னவென்றே தெரியாது. அந்தத் தெரியாமைக்கு என்ன மருந்து?

அரவேணுக்காரி:
என்னிடம் இல்லை. நடந்தால் கடன் அடையும் என்று நான் சொல்லவில்லை. ஒன்று கேட்கிறேன், ஒரு நாளைக்கு எத்தனை தேநீர்?

கீழ்க்கோத்தகிரி விவசாயி:
ஏழெட்டு. விலை போகாத இலையைக் குடித்தாவது தீர்க்க வேண்டாமா? கடைசித் தேநீர் இரவு எட்டு மணிக்கு, மொறுமொறு வரக்கி ரொட்டியோடு.

அரவேணுக்காரி:
தேநீர் வழியாக உடலில் புகுந்த, தூக்கத்தை விரட்டும் காபின் பாதியாகவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பிடிக்கும். எட்டு மணித் தேநீரில் பாதி நள்ளிரவு ஒரு மணிக்கும் உங்களோடு விழித்திருக்கிறது. தவணைக் கவலைக்கு அது நல்ல துணை. மாலை நாலு மணியோடு நிறுத்திப் பாருங்கள்.

கொழுந்தனாருக்கு இது மட்டும் போதாது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல், சோறும் இறங்காமல், சாவைப் பற்றிப் பேசினால் அது சிகிச்சை தேவைப்படும் நோய். 2022இல் தொடங்கிய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. எந்நேரமும் தமிழில் பேசலாம். எழுதி அவர் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

கீழ்க்கோத்தகிரி விவசாயி:
சரி அக்கா. நாளை பத்து மணிக்கு, கரடி தூங்கப் போன பிறகு, இலை எடை போடும் இடத்துக்கு ஜீப்பில் ஏறாமல் நடந்தே போகிறேன். இரண்டு கிலோமீட்டர். அங்கே விலைப் பலகையை மட்டும் நீங்கள் வந்து பாருங்கள்.