அந்த அப்பம் புளித்ததா, புளிக்காததா?

வேர்தேடி: எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீண்டதை நினைத்து யூதர் புளிப்பில்லாத அப்பத்தோடு கொண்டாடும் பஸ்காவை ஆசரிக்காத கிறிஸ்தவன் வேரறுந்த மரம். இயேசு யூதர். சிலுவைக்கு முந்தின இரவு அவர் சீடரோடு உண்ட கடைசி இராப்போஜனம் பஸ்கா விருந்து. அவர் பிட்டது புளிப்பில்லாத அப்பம். மறுப்பவர் உண்டா?

ஏட்டுச்சுவடி: உண்டு. யோவான் 18:28. ரோம ஆளுநர் பிலாத்துவின் அரண்மனைக்குள் போனால் தீட்டாகும், பஸ்காவைப் புசிக்க முடியாது என்று யூதர்கள் வெளியிலேயே நின்றார்கள். அது விடியற்காலை. இயேசு சாப்பிட்டதோ முந்தின இரவு. அப்புறம் எப்படி அது பஸ்கா? மாற்கு 14:22-இல் உள்ள கிரேக்கச் சொல் 'ஆர்டோஸ்'. சாதாரண அப்பம்.

வேர்தேடி: மாற்கு 14:12-ஐ மட்டும் கண் தாண்டிவிட்டதோ? சீடர்கள் ஆயத்தம் செய்ததே பஸ்காவை. ஆலயத்தில் தேவனுக்கு முன் வைக்கும் தேவசமுகத்து அப்பங்களுக்கும் மாற்கு 2:26-இல் ஆர்டோஸ்தான். அவை புளிப்பில்லாதவை என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் எழுதியிருக்கிறார்.

ஏட்டுச்சுவடி: ஆர்டோஸ் என்றால் ஆர்டோஸ். கிரேக்கத் திருச்சபை இன்றுவரை திருவிருந்தில் புளித்த அப்பத்தையே படைக்கிறது. 1054-இல் ரோமும் கான்ஸ்டான்டிநோபிளும் முறித்துக்கொண்டபோது இந்த அப்பமும் ஒரு வழக்கு. கிரேக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியாதது, போன மாதம் யூதர் ஊதும் கொம்பு எக்காளம் வாங்கிய உங்களுக்குத் தெரிந்துவிட்டதாக்கும்!

புன்னைமரம்: கடைசி இராப்போஜனத்தை நினைக்கும் பெரிய வியாழனன்று எங்கள் போதகர் யூதரின் புளிப்பில்லாத அப்பமான 'மட்சா' என்று தூக்கிக் காட்டியது எண்ணெய் மினுங்கிய சப்பாத்தி. "கோடுகள் தழும்பு, துளைகள் ஆணி" என்று உருகினார். கோடும் இல்லை, துளையும் இல்லை. நடுவில் ஒரு கருகல் இருந்தது. தண்ணீர் பட்ட மாவை 18 நிமிடத்துக்குள் சுட்டெடுக்க வேண்டும் என்பது யூதர் முறை. இவர் முந்தின நாளே பிசைந்து வைத்திருந்தார்.

வேர்தேடி: சிரியுங்கள். கேரளத்துச் சுரியானி கிறிஸ்தவ வீடுகளில் அன்றிரவு அரிசியும் உளுந்தும் சேர்த்துப் புளிக்க விடாமல் பெசகா (பஸ்கா) அப்பம் செய்கிறார்கள். குடும்பத்தலைவர் பிட்டுக் கொடுக்கிறார். அதையும் கேலி செய்வீர்களா?

புன்னைமரம்: அவர்கள் அதை மட்சா என்று சொல்லவில்லையே.

ஏட்டுச்சுவடி: பேச்சை மாற்றாதீர்கள். ஆர்டோஸ்!

வேர்தேடி: இரண்டாம் நூற்றாண்டு ஆயர் போலிகார்ப் ரோமுக்கே போய், அங்கத்திய ஆயர் அனிசேதுஸ் சொல்லியும் யூத நாட்காட்டியின் பஸ்கா நாளான நிசான் 14-ஐ விடவில்லை. அவரும் கொம்பு வாங்கியவரா?

ஏட்டுச்சுவடி: அது தேதித் தகராறு. அப்பத்தைப் பற்றிய பேச்சே அங்கே இல்லை. ஓய்வுநாள் விவாதத்திலும் இப்படித்தான் பாதியில் நழுவினீர்கள்.

வேர்தேடி: நழுவியவர் நீங்கள். பழைய பதிவுகள் அப்படியே இருக்கின்றன.

ஏட்டுச்சுவடி: ஆர்டோஸுக்குப் பதில் இன்னும் வரவில்லை.

வேர்தேடி: 2:26.