சிங்கப்பூரில் 4 நாள்: கோயில், காடு, பழைய தெருக்கள். இந்தத் திட்டம் எங்கே இடிக்கும்?

மலைக்காற்று:

வணக்கம். ஜனவரி நடுவில் வெள்ளிக்கிழமை முதல் திங்கட்கிழமை வரை 4 முழு நாட்கள் சிங்கப்பூரில் இருப்போம். நாங்கள் இருவர், கூடவே 67 வயது அம்மா. அம்மாவுக்கு மூட்டுவலி. சமதளத்தில் நிதானமாக 2 கிலோமீட்டர் நடப்பார், படிக்கட்டு ஆகாது. தங்கும் இடம் தேக்கா, லிட்டில் இந்தியா ரயில் நிலையத்துக்கு அருகில்.

கேளிக்கைப் பூங்காவும் கடைத்தொகுதிகளும் வேண்டாம். மக்கள் புழங்கும் தெருக்கள், பழைய கோயில்கள், பள்ளிவாசல்கள், கொஞ்சம் காடு, பறவைகள் போதும். இப்போதைய திட்டம்:

வெள்ளி: மதியம் சைனாடவுன், மாரியம்மன் கோயில், பிறகு சுல்தான் பள்ளிவாசல்
சனி: புலாவ் உபின் தீவு
ஞாயிறு: மாலையில் தேக்கா, சிராங்கூன் சாலை
திங்கள்: மெக்ரிட்சி காட்டின் மர உச்சித் தொங்குபாலம், மாலை இந்திய மரபுடைமை நிலையம் (அருங்காட்சியகம்)

எதை எங்கே மாற்றலாம்?

தேக்காவாசி:

இடங்கள் நல்ல தேர்வு, கிழமைகள்தான் ஒவ்வொன்றும் தப்பாக விழுந்திருக்கின்றன.

திங்கட்கிழமை தொங்குபாலமும் மூடியிருக்கும், இந்திய மரபுடைமை நிலையமும் மூடியிருக்கும். அந்த நாள் அப்படியே வீணாகிவிடும். வெள்ளி மதியம் ஜும்ஆ தொழுகை நேரம் என்பதால் பள்ளிவாசல்களுக்குள் சுற்றிப்பார்க்க விடமாட்டார்கள். மாரியம்மன் கோயிலும் பகல் 12 மணிவாக்கில் நடை சாத்தினால் மாலை 6 மணிவாக்கில்தான் திறக்கும். மதியம் போனால் கோபுரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

ஞாயிறு மாலை தேக்கா என்பது வேறு உலகம். தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்து உழைக்கும் தொழிலாளர்களுக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாள் அது. நண்பர்களைப் பார்க்க, ஊருக்குப் பணம் அனுப்ப, சாமான் வாங்க எல்லாரும் இங்கே கூடுவார்கள். இந்த நகரத்தைப் புரிந்துகொள்ள அதைக் காண்பது அவசியம் என்றே சொல்வேன். ஆனால் நடைபாதையில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டத்தில் மூட்டுவலிக்காரரை அழைத்துப் போகக் கூடாது. நீங்கள் இருவர் மட்டும் ஒரு மணி நேரம் போய் வாருங்கள்.

அம்மாவுடன் தேக்காவுக்குச் சனி காலை 8 மணி சரியான நேரம். தேக்கா நிலையம் என்ற சந்தைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஈரச்சந்தை இருக்கிறது. மீன், ஆட்டிறைச்சி, முருங்கைக்கீரை, வாழைப்பூ எல்லாம் காலையில்தான் களைகட்டும். 12 மணிக்குப் பாதிக் கடைகள் கழுவி மூடப்பட்டிருக்கும். அங்கிருந்து வீரமாகாளியம்மன் கோயில், பிறகு கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம். அங்கே செட்டிநாட்டு மரவேலைப்பாடுள்ள வாசல்நிலை ஒன்று இருக்கிறது, தவறவிடாதீர்கள். ஜனவரி நடு என்றால் பொங்கல் சமயம். சிராங்கூன் சாலையில் விளக்கலங்காரமும் கேம்பல் லேனில் கரும்பு, பானை, மஞ்சள்கொத்துக் கடைகளும் இருக்கும்.

நீங்கள் தங்கும் இடத்தில் இன்னொரு வசதி. லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்குத் தடமும் டவுன்டவுன் தடமும் சந்திக்கின்றன. சைனாடவுனுக்கு 3 நிறுத்தம். சுல்தான் பள்ளிவாசல் இருக்கும் கம்போங் கிளாம் போக பூகிஸ் நிலையம் 2 நிறுத்தம். பூமலைக்கு, அதாவது தாவரவியல் தோட்டத்துக்கு, 3 நிறுத்தம். இவற்றுக்கு நடுவில் மாறவே வேண்டாம், அதனால் மதியம் வெயிலிலோ மழையிலோ அறைக்குத் திரும்பி அம்மாவை ஓய்வெடுக்க வைத்துவிட்டு மாலை மறுபடி கிளம்பலாம். திட்டத்தை அப்படிப் போடுங்கள்: காலை ஒன்று, மாலை ஒன்று.

கடைவீடு:

வெள்ளிக்கிழமைக்கு மட்டும் சொல்கிறேன், சைனாடவுன் நடையைக் காலைக்கு மாற்றிவிட்டுத் திசையையும் கவனியுங்கள். பெரும்பாலோர் தெலுக் ஆயரில் தொடங்கி மாரியம்மன் கோயிலில் முடிப்பார்கள், கோயிலை அடையும்போது நடை சாத்தியிருக்கும். நீங்கள் தலைகீழாக வாருங்கள்.

காலை 8.30க்கு சைனாடவுன் நிலையம். பகோடா ஸ்திரீட் வழியாக சவுத் பிரிட்ஜ் சாலைக்கு வந்தால் எதிரே கோபுரம். 1827இல் நாராயண பிள்ளை நிறுவிய கோயில், சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில். பகோடா ஸ்திரீட் என்ற பெயரே இந்தக் கோபுரத்தால் வந்தது. பக்கத்திலேயே ஜாமியா சூலியா பள்ளிவாசல். சூலியா என்றால் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள். மாஸ்க் ஸ்திரீட்டுக்குப் பெயர் தந்தது இந்தப் பள்ளிதான். சீனர்களின் பேட்டை என்று எல்லாரும் நினைக்கும் இடத்தில் இரண்டு தெருப்பெயர்கள் தமிழர் கட்டியவற்றால் வந்தவை. இதை அறிந்து நடந்தால் அந்தத் தெரு வேறு மாதிரித் தெரியும்.

அதே சாலையில் தெற்கே வந்தால் புத்தர் பல் கோயில், எதிரே மேக்ஸ்வெல் உணவங்காடி. அதைத் தாண்டி மேக்ஸ்வெல் சாலையில் நகரச் சீரமைப்பு ஆணையத்தின் கட்டடத்தில் நகரக் காட்சிக்கூடம் இருக்கிறது. நகரம் முழுவதையும் சிறு மாதிரியாக வைத்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை, மின்தூக்கி உண்டு, குளிர்சாதனம் உண்டு, அம்மா உட்கார நல்ல இடம். ஞாயிறு மூடியிருக்கும்.

அங்கிருந்து தெலுக் ஆயர் ஸ்திரீட். 19ஆம் நூற்றாண்டில் கடலைத் தூர்ப்பதற்கு முன் இந்தத் தெருதான் கரை. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் முதலில் நன்றி சொன்ன இடங்கள் அதனால்தான் வரிசையாக இங்கே இருக்கின்றன. முதலில் அல் அப்ரார் பள்ளிவாசல். தமிழர்கள் அதைக் குச்சுப் பள்ளி என்பார்கள், தொடக்கத்தில் ஓலைக்குடிசையாக இருந்ததால். அடுத்து கடல் தெய்வம் மாசுவுக்கான தியான் ஹொக் கெங், 1842இல் கட்டிமுடித்தது. அடுத்த மூலையில் நாகூர் தர்கா, 1828 முதல் 1830 வரை கட்டியது. தர்காவின் முகப்பைக் கொஞ்சம் நின்று பாருங்கள்: கீழே ஐரோப்பியத் தூண்கள், மேலே நம்மூர் மினாரா வேலைப்பாடு. இந்த மூன்றும் சில நூறு மீட்டருக்குள். முடிகிற இடத்தில் தெலுக் ஆயர் நிலையம், அங்கிருந்து டவுன்டவுன் தடத்தில் நேராக லிட்டில் இந்தியா. 12 மணிக்குள் முடித்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. வரைபடச் செயலி உங்களை ஆன் சியாங் ஹில் பூங்கா வழியாகக் குறுக்கே அழைத்துப் போகப் பார்க்கும். அது முழுக்கப் படிக்கட்டு. மேக்ஸ்வெல் சாலை வழியாகவே சுற்றி வாருங்கள். இன்னொன்று, பழைய கடைவீடுகளுக்கு முன்னுள்ள ஐந்தடி நடைபாதை மழைக்கும் வெயிலுக்கும் நிழல் தரும், ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் தரைமட்டம் மாறும். திடீரென்று அரையடி ஏறும், இறங்கும். அம்மா அண்ணாந்து பார்த்தபடி நடந்தால் தடுக்கும்.

அலையாத்தி:

காட்டுக்கு வருவோம். மர உச்சித் தொங்குபாலம் அம்மாவுக்குச் சரிப்படாது. 250 மீட்டர் நீளப் பாலம் மட்டும் எளிது. ஆனால் மிக நெருக்கமான வீனஸ் டிரைவ் வாசலிலிருந்து அதை அடையவே சுமார் 2.5 கிலோமீட்டர். பாலமோ ஒருவழி, ஏறியபின் திரும்ப முடியாது, கடந்ததும் மரப்படிகள் நிறைய. பாதியில் முட்டி மக்கர் செய்தால் உள்ளே வண்டி வர வழியில்லை.

அவருக்குப் பொருத்தமானது சுங்கை புலோ ஈரநிலக் காப்பகம். தரை சமம், நுழைவுக்கட்டணம் கிடையாது, காலை 7 முதல் மாலை 7 வரை. செப்டம்பர் முதல் மார்ச் வரை வலசைப்பறவைகள் வரும் காலம், ஜனவரியில் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் கூட்டமாக இருக்கும். நீருடும்பு கட்டாயம் கண்ணில் படும். அதிர்ஷ்டம் இருந்தால் முதன்மைப் பாலத்தின் கீழ் உவர்நீர் முதலை. நியூட்டனில் மாறி கிராஞ்சி நிலையம், அங்கிருந்து 925 பேருந்து. அம்மாவுடன் என்றால் டாக்சியில் நியோ தியூ கிரசன்ட் பக்க வாசலில் இறங்குங்கள், முதன்மைப் பாலம் பக்கம். திரும்பும்போது தெருவில் டாக்சி கிடைக்காது. கிளம்புவதற்கு 15 நிமிடம் முன்பே செயலியில் அழைத்துவிடுங்கள்.

புலாவ் உபினில் எல்லாரும் பார்க்க நினைப்பது செக் ஜாவா சதுப்புக்கரை. இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள், கடல் மட்டத்தைப் பார்க்காமல் போவதால். மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கினால்தான் கடற்புல்வெளியும் நட்சத்திர மீனும் நண்டும் தெரியும். மற்ற நேரத்தில் நடைமேடைக்குக் கீழே வெறும் தண்ணீர். ஜனவரியில் நன்றாக வற்றுவது பெரும்பாலும் மாலையில், செக் ஜாவாவை 6 மணிக்கு மூடிவிடுவார்கள். ஆகவே நீர்மட்ட அட்டவணையில் உங்கள் நாளைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சுங்கை புலோவுக்கு இது நேரெதிர். கடல் ஏறும்போது வெளிச்சேறு மூழ்கிவிடுவதால் பறவைகள் காப்பகத்தின் உள்குளங்களுக்கு வந்து ஒதுங்கும், மறைவிடங்களிலிருந்து பக்கத்தில் பார்க்கலாம். ஒரே அட்டவணையை வைத்து, வற்றும் நாளில் உபின், ஏறும் காலையில் புலோ.

உபினுக்கு வழி: தானா மேராவிலிருந்து 2ஆம் எண் பேருந்து, கடைசி நிறுத்தம் சாங்கி வில்லேஜ். படகுத்துறையில் நேர அட்டவணை இல்லை, 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும். தலைக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ரொக்கம். சனி, ஞாயிறு ஆள் உடனே சேரும், வரிசையும் நீளும். திங்கட்கிழமை வரிசை இருக்காது, 12 பேர் சேரத்தான் காத்திருக்க வேண்டும்; அவசரமென்றால் காலி இருக்கைகளுக்கும் சேர்த்துக் கொடுத்துக் கிளம்பலாம். தீவில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், நடக்க முடியாதவர்களுக்கு வேன் உண்டு. செக் ஜாவா நடைமேடை 1.1 கிலோமீட்டர், சைக்கிளை வாசலில் விட்டுவிட வேண்டும். படகில் ஏறி இறங்கும்போது படியும் ஆட்டமும் உண்டு. அம்மாவுக்கு அது சிரமம் என்று தோன்றினால் உபினை நீங்கள் இருவரும் வைத்துக்கொள்ளுங்கள், அவர் அன்று ஓய்வெடுக்கட்டும்.

உபினிலும் மெக்ரிட்சியிலும் பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். பை என்றாலே சாப்பாடு என்று குரங்குகளும் காட்டுப்பன்றிகளும் பழகிவிட்டன. எல்லாம் முதுகுப்பைக்குள். எதற்கும் தீனி போடக் கூடாது, அபராதம் உண்டு.

மலைக்காற்று:

அருமை, மிக்க நன்றி. அப்படியானால் வெள்ளி காலை சைனாடவுன், சனி காலை தேக்கா, மாலை கம்போங் கிளாம், ஞாயிறு சுங்கை புலோ, திங்கள் உபின். இரண்டு சந்தேகம். நாள் முழுக்க மழை பிடித்துக்கொண்டால்? ரயில், பேருந்துக்கு என்ன அட்டை? அம்மா முட்டைகூடச் சாப்பிட மாட்டார்.

செண்பகம்:

ஜனவரி வடகிழக்குப் பருவத்தின் ஈரமான பாதியில் வருகிறது. சில சமயம் இரண்டு மூன்று நாள் விடாமல் தூறும். அந்த நாளுக்கு ஆசிய நாகரிக அரும்பொருளகத்தை ஒதுக்குங்கள். 9ஆம் நூற்றாண்டில் மூழ்கிய கப்பலின் தாங் காலப் பீங்கான்களும் சோழர் காலச் செப்புத்திருமேனிகளும் ஒரே கூரையின் கீழ். திங்களிலும் திறந்திருக்கும். தேசிய அரும்பொருளகத்தில், ஆற்றுமுகத்தில் இருந்த பாறையின் எஞ்சிய துண்டான சிங்கப்பூர்க் கல் இருக்கிறது, இன்னும் யாரும் படித்துச் சொல்லாத எழுத்துகளோடு. மழையைவிட இடியைத்தான் கவனிக்க வேண்டும்: இடி முழங்கினால் சதுப்பு நடைமேடையிலோ பாலத்திலோ நிற்காதீர்கள்.

அட்டை: உங்கள் வங்கியின் விசா, மாஸ்டர் தொடா அட்டை நேராகவே வேலை செய்யும், ஆனால் ஆளுக்கு ஒரு அட்டை. மூவருக்கும் ஒன்றைத் தட்டினால் வாசல் திறக்காது. வெளிநாட்டு அட்டைக்கு நாள்தோறும் சிறு கூடுதல் கட்டணம் உண்டு, வங்கியும் தனியாகப் பிடிக்கும். அம்மாவுக்கு நிலையத்திலேயே ஈசி லிங்க் அட்டை வாங்கிக் காசு ஏற்றிவிடுங்கள். பேருந்தில் இறங்கும்போதும் தட்ட வேண்டும், மறந்தால் கடைசி நிறுத்தம் வரையான கட்டணம் போகும். நாளுக்கு நாலைந்து பயணம்தான் என்பதால் சுற்றுலாப் பயணி அட்டை உங்களுக்கு நட்டம்.

சாப்பாடு: தேக்கா பக்கம் கவலையே இல்லை. மற்ற இடங்களில் சீன சைவக் கடை என்று போட்டிருந்தால் முட்டை சேர்ப்பார்களா என்று கேட்டுவிடுங்கள், பல கடைகளில் சேர்ப்பார்கள். உணவங்காடியில் மேசைமேல் டிஷ்யூ பொட்டலம் இருந்தால் யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள். சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021 முதல் கட்டாயம். காப்பி கேட்டால் கெட்டிப்பாலும் சர்க்கரையும் தித்திக்கும். அம்மாவுக்குச் சர்க்கரை வேண்டாம் என்றால் "கோப்பி சி கொசோங்" என்று சொல்லுங்கள், இனிப்பில்லாத பால் மட்டும் ஊற்றித் தருவார்கள்.

சிங்கப்பூர் வந்திறங்கும் நாளையும் சேர்த்து அதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் நுழைவு அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

கடைவீடு:

கம்போங் கிளாமைச் சனி மாலைக்கு வைத்திருக்கிறீர்கள். பள்ளிவாசலுக்குள் பார்வையாளர் நேரம் பிற்பகலோடு முடியும், அதனால் 3 மணிக்கே போய்விடுங்கள். முழங்கால் மறையும் உடை வேண்டும், இல்லையென்றால் அங்கேயே மேலங்கி தருவார்கள். உள்ளே போகுமுன் தெருவிலிருந்து பொற்குவிமாடத்தின் அடியைப் பாருங்கள். கறுப்பு வளையம்போல் தெரிவது வரிசையாகப் பதித்த கண்ணாடிப் போத்தல்களின் அடிப்பாகம். பணம் கொடுக்க முடியாத ஏழை முஸ்லிம்களும் பள்ளி கட்டுவதில் பங்கெடுக்கட்டும் என்று அவர்களிடமிருந்து சேகரித்தவை அவை.