ஆங்கில 'கேஷ்' நம் 'காசு' தானா?

தமிழ் டீச்சர்:
எங்கள் பள்ளியில் நாணயக் கண்காட்சி வைக்கிறோம். மாணவி ஒருத்தி வீட்டிலிருந்து கிழக்கிந்தியக் கும்பினிக் காலத்துச் செப்புக்காசு ஒன்று வந்திருக்கிறது. ஒரு பக்கம் கும்பினியின் கேடயமும் சிங்கங்களும், 1808 என்ற ஆண்டும். மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் கீழே ரோமன் எண்ணில் இருபது, பக்கத்தில் 'கேஷ்' என்று ஆங்கிலத்தில். "ரொக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் நம் காசிலிருந்து பிறந்தது" என்று பக்கத்து அட்டையில் எழுத நினைத்தேன். வாட்ஸ்அப்பில் அப்படித்தான் சுற்றுகிறது. எங்கள் ஆங்கில ஆசிரியர், அது பிரெஞ்சுச் சொல், அப்படி எழுதாதீர்கள் என்கிறார். பிள்ளைகள் படிக்கப்போகும் அட்டை. எது சரி?

தென்னவன்:
தயங்காமல் எழுதுங்கள் டீச்சர். குறுந்தொகை 67ஆம் பாட்டில் கிளி அலகில் பிடித்த வேப்பம்பழத்துக்கு உவமை என்ன? "பொலங்கல ஒருகாசு." சோழர் கல்வெட்டுகளில் ஈழக்காசு, அன்றாடு நற்காசு என்று எத்தனை வகை! வெண்பாவின் ஈற்றுச் சீருக்கு வாய்பாடே நாள், மலர், காசு, பிறப்பு. இத்தாலியப் பயணி வர்த்தேமா 1510இல் அச்சான தன் நூலில் தென்னிந்தியச் சிறு நாணயம் ஒன்றை 'காஸ்' என்றே குறிக்கிறார். வெள்ளைக்காரன் இங்கே வந்து நம் காசை வாங்கினான், பெயரையும் சேர்த்து வாங்கினான். உங்கள் கையில் இருக்கும் நாணயமே சாட்சி. நமக்கு உரியதைச் சொல்ல எதற்கு அனுமதி கேட்க வேண்டும்?

கயல்:
தென்னவன் அண்ணா சொன்ன சான்றுகள் எல்லாம் உண்மை. ஆனால் அவை நிறுவுவது வேறு ஒன்றை. ஆங்கிலத்தில் 'கேஷ்' என்ற எழுத்துக்கூட்டில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. நல்ல அகராதி எதுவும் அவற்றைத் தனித்தனிப் பதிவாகவே தரும்.

ஒன்று, டீச்சர் கையில் இருக்கும் நாணயத்தின் பெயர். அது காசுதான். போர்ச்சுக்கீசியர் அதை 'கைஷா' ஆக்கினார்கள், அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்தார்கள். யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல் அகராதியும் இந்த வழியைத்தான் காட்டுகிறது.

மற்றது, ரொக்கம் என்ற பொருளில் உலகமே சொல்லும் 'கேஷ்'. அதன் வேர் லத்தீன் 'காப்சா', அதாவது பெட்டி. அது இத்தாலியனில் 'காஸ்ஸா', பழைய பிரெஞ்சில் 'காஸ்'. முதலில் வியாபாரியின் பணப்பெட்டிக்குப் பெயர், அப்புறம் பெட்டிக்குள் இருக்கும் பணத்துக்கு. ஜான் ஃப்ளோரியோவின் 1598ஆம் ஆண்டு இத்தாலிய-ஆங்கில அகராதி 'காஸ்ஸா'வுக்குப் பொருள் சொல்லும்போதே வணிகரின் 'கேஷ்' என்று எழுதுகிறது. ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி நாடகத்தில் பிஸ்டல் என்ற பாத்திரம் தன் கடனைக் 'கேஷாக'த் தருவேன் என்கிறது. அது 1599 வாக்கில் எழுதிய நாடகம். கிழக்கிந்தியக் கும்பினிக்குப் பட்டயம் கிடைத்தது 1600 டிசம்பர் 31 அன்று. சென்னையில் அவர்களுக்கு இடம் கிடைத்தது 1639இல். நம் ஊருக்கு வருமுன்பே லண்டன் நாடக மேடையில் அந்தச் சொல் புழங்கியிருக்கிறது.

தென்னவன்:
கும்பினியை மட்டும் ஏன் பார்க்கிறீர்கள்? போர்ச்சுக்கீசியர் 1498இலேயே கோழிக்கோட்டுக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் மிளகு ஆண்ட்வெர்ப் சந்தைக்குப் போனது. அங்கே ஆங்கில வணிகர்களும் இருந்தார்கள். மிளகு போன வழியில் சொல் போகாதா? டச்சுப் பயணி லின்ஸ்ஹோட்டனின் பயண நூல் 1598இல் ஆங்கிலத்தில் வந்தபோது, இன்றைய இந்தோனேசியாவின் சுந்தா தீவுப் பகுதியில் 'கைஷா' என்ற துளையிட்ட செப்புக்காசு ஓடுவதைச் சொல்கிறது. நீங்கள் காட்டும் ஃப்ளோரியோவும் அதே 1598தான்.

இன்னொரு கேள்வியையும் கேட்கிறேன். இத்தாலியனிலும் பிரெஞ்சிலும் 'ஸ்' ஒலிதான் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஷ்' எங்கிருந்து வந்தது? போர்ச்சுக்கீசியக் 'கைஷா'வில் அந்த 'ஷ்' அப்படியே இருக்கிறது. இதற்குப் பதில் சொல்லிவிட்டு மறுக்கலாம்.

கயல்:
நல்ல கேள்வி அண்ணா. இந்தத் திரியில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

பிரெஞ்சிலிருந்து வந்த சொற்களில் 'ஸ்' ஒலியை 'ஷ்' ஆக்குவது ஆங்கிலத்துக்குப் பழைய வழக்கம். தள்ளு என்னும் 'புஷ்' பிரெஞ்சு 'பூஸ்ஸே'. தேய்க்கும் 'பிரஷ்' பிரெஞ்சு 'பிராஸ்'. நாயைக் கட்டும் 'லீஷ்' பிரெஞ்சு 'லெஸ்'. 'குஷன்' பிரெஞ்சு 'கூஸான்'. இவை எதிலும் போர்ச்சுக்கீசியர் குறுக்கே வரவில்லை. 'கேஷ்' இந்த வரிசையில் இன்னொன்று, அவ்வளவுதான்.

லின்ஸ்ஹோட்டன் நூலைப் பற்றி: அதில் 'கைஷா' சுந்தா நாட்டின் அயல் நாணயமாக, வாசகருக்கு விளக்கம் சொல்லி அறிமுகமாகிறது. துளை இருக்கும், கயிற்றில் கோப்பார்கள் என்றெல்லாம் விவரிக்க வேண்டியிருக்கிறது. அதே ஆண்டு ஃப்ளோரியோ 'கேஷ்' என்ற சொல்லை விளக்கமே இல்லாமல், எல்லோருக்கும் தெரிந்த வணிகச் சொல்லாக எழுதுகிறார். ஒரே சொல்லாக இருந்தால் இப்படி நடக்குமா?

பழங்காசு:
நாணயம் சேர்ப்பவன் என்ற முறையில் உள்ளே வருகிறேன். டீச்சர், உங்கள் நாணயம் அருமையானது. அந்தப் பாரசீக எழுத்து, "பீஸ்த் காஸ் சஹார் ஃபலூஸ் அஸ்த்." இருபது காஸ் நான்கு ஃபலூஸ் என்ற செப்புக்காசுக்குச் சமம் என்று பொருள். கவனியுங்கள், ஒரே நாணயத்தில் பாரசீகத்தில் 'காஸ்', ஆங்கிலத்தில் 'கேஷ்'. சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம் (அன்று பணம் என்பதும் ஒரு நாணயத்தின் பெயர்), 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்ற பொற்காசு. ஆக, ஒரு வராகனுக்கு 3,360 காசு. 1818இல் சென்னை ரூபாய்க் கணக்குக்கு மாறியதும் இந்த முறை போயிற்று. திருவிதாங்கூர் மட்டும் 16 காசு ஒரு சக்கரம் என்ற கணக்கை 1940கள் வரை விடவில்லை.

நாணயத்தை அடித்தது பர்மிங்காமில், சோஹோ நாணயச் சாலையில். அங்கிருந்து சென்னைக்கு இதே மாதிரிக் காசுகளை ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மூழ்கிவிட்டது. பின்னாளில் அதிலிருந்து எடுத்த பத்து கேஷ், இருபது கேஷ் நாணயங்கள் இன்று சேகரிப்பாளர்களிடம் நிறைய உண்டு. கண்காட்சியில் இதைச் சொன்னால் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

சொல் விவகாரத்தில் நாணயங்களே ஒரு சான்று தருகின்றன. தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் அடித்த காசில் 'காஸ்' என்று இருக்கும். பணப்பெட்டிக்கு டேனிஷ் சொல் 'காஸ்ஸெ'. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் நம் காசை 'காஷ்' என்று எழுதினார்கள், பெட்டியைக் 'கேஸ்' என்றார்கள். எழுத்துக்கூட்டே வேறு. இந்த இரண்டு மொழியிலும் இரண்டு சொல்லும் தனித்தனியாகவே நின்றன. ஆங்கிலத்தில் மட்டும் ஒரே எழுத்தில் போய் விழுந்துவிட்டதால்தான் நமக்கு இந்தக் குழப்பம்.

யாழ்வாசகி:
எங்கட பக்கம் பணம் என்ற சொல்லே பேச்சில் குறைவு. எல்லாத்துக்கும் காசுதான். சம்பளக் காசு, பஸ் காசு, வங்கியில போட்ட காசு. சின்ன வயதில் 'கேஷ்' என்றால் காசைத்தான் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன். ஆனால் ஒன்று எனக்கு இன்னும் புரியவில்லை. பெட்டி எப்படிப் பணமாக மாறும்? அது கொஞ்சம் இழுத்துக் கட்டினது மாதிரி இல்லையா கயல்?

கயல்:
இல்லை அக்கா. நம் கடைத்தெருவில் 'கல்லா' என்ற சொல் என்ன ஆயிற்று என்று பாருங்கள். கல்லா என்பது முதலாளி பக்கத்தில் இருக்கும் பெட்டி. "கல்லாவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?" என்றால் பெட்டி இருக்கும் இடம். "இன்றைக்குக் கல்லா எவ்வளவு?" என்றால் யாரும் பெட்டியின் அளவைச் சொல்வதில்லை, வசூலைச் சொல்கிறார்கள். இத்தாலிய வணிகர்களின் 'காஸ்ஸா'வுக்கு நடந்ததும் இதுவேதான். 'காஷியர்' முதலில் அந்தப் பெட்டிக்குப் பொறுப்பானவர்.

தென்னவன்:
கல்லா உதாரணம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை. ஒலி ஒன்று, பொருள் ஒன்று, வணிகத் தொடர்பும் இருந்திருக்கிறது. இவ்வளவும் தற்செயலா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழிலிருந்து போனது என்று யாராவது சொன்னால் உடனே அதை அறுத்துப் பார்க்கிறோம். லத்தீன் என்று சொன்னால் மட்டும் தலையாட்டி விடுகிறோம். காசு என்ற சொல்லையே வடமொழிக் 'கர்ஷ' என்பதிலிருந்து வந்தது என்று எழுதியவர்களும் உண்டு. ஹாப்சன்-ஜாப்சனும் அதைத்தான் முன்வைக்கிறது. அதையும் நாம் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டுமா?

கயல்:
சும்மா இருக்க வேண்டாம். பரோவும் எமனோவும் தங்கள் திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் காசை மலையாளம், கன்னடம், தெலுங்குச் சொற்களோடு சேர்த்துத் தந்திருக்கிறார்கள். அதைக் காட்டி வாதாடலாம், நானும் கூட நிற்கிறேன். ஆனால் அது காசு எங்கே பிறந்தது என்ற கேள்வி. இங்கே கேட்பது, காசு எங்கே போய்ச் சேர்ந்தது என்று.

ஒலி ஒப்புமையைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. 'ஒன்று' என்பதிலிருந்துதான் ஆங்கில 'ஒன்' வந்தது என்று மேடையில் பேசுகிறார்கள். பழைய ஆங்கிலத்தில் அது 'ஆன்'. ஜெர்மனில் 'ஐன்ஸ்', லத்தீனில் 'ஊனுஸ்'. பின்னோக்கிப் போகப்போக ஒப்புமை கரைந்துவிடுகிறது. 'கேஷ்யூ' முந்திரி பிரேசிலின் துப்பி மொழியிலிருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த சொல், அதற்கும் கேஷுக்கும் சம்பந்தம் இல்லை. அவ்வளவு ஏன், ராணுவ அதிகாரியைப் பதவி நீக்குவதற்கு ஆங்கிலத்தில் உள்ள 'காஷியர்' என்ற வினைக்கும் வங்கிக் காஷியருக்கும்கூட வேர் ஒன்றில்லை. சொல்லின் பழைய வடிவத்தைப் பார்க்காமல் இன்றைய உச்சரிப்பை மட்டும் வைத்து உறவு சொல்லக் கூடாது.

தமிழிலிருந்து போனவை என்று உறுதியாகச் சொல்ல நம்மிடம் இருக்கின்றனவே! கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி. இவற்றை யாரும் அசைக்க முடியாது. காசும் அந்த வரிசையில் நிற்கிறது, நாணயத்தின் பெயராக. சீனர்கள் அடித்த சதுரத் துளைக் காசைக்கூட ஆங்கிலத்தில் 'கேஷ்' என்றுதான் இன்றும் எழுதுகிறார்கள். சீன மொழியில் அதன் பெயர் வேறு. தென்னிந்தியக் காசின் பெயர் சீன நாணயத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவு நீண்ட பயணம் செய்த சொல்லுக்கு, அதற்கு உரிமையில்லாத இன்னொன்றையும் ஏன் சேர்த்துக் கட்ட வேண்டும்? பள்ளி அட்டையில் தவறு இருந்தால், ஒரு பிள்ளை அகராதியைப் புரட்டும் நாளில் சீனக் காசு பற்றிய உண்மையையும் சேர்த்துச் சந்தேகப்படும்.

தமிழ் டீச்சர்:
எல்லோருக்கும் நன்றி. அட்டைக்கு இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

"இருபது காசு, 1808. கிழக்கிந்தியக் கும்பினி சென்னை மாகாணத்துக்காக பர்மிங்காமில் அடித்தது. 80 காசு ஒரு பணம். இதில் உள்ள 'கேஷ்' என்ற பெயர் தமிழ்க் காசு. போர்ச்சுக்கீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. ரொக்கத்தைக் குறிக்கும் ஆங்கில 'கேஷ்' வேறு சொல். பணப்பெட்டியைக் குறித்த இத்தாலிய, பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது."

பழங்காசு:
சரியாக இருக்கிறது. நாணயத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி விடாதீர்கள், பச்சைப் பூச்சு இருந்தாலும் அப்படியே இருக்கட்டும்.

தென்னவன்:
"வேறு சொல்" என்பதற்கு முன்னால் "பிறப்பால்" என்று ஒரு சொல்லைச் சேருங்கள் டீச்சர். பிறப்பால் வேறு என்பதை ஏற்கிறேன். ஆனால் சென்னைக் கடைவீதியில் இரண்டு நூற்றாண்டாக நம் மக்கள் இரண்டையும் ஒரே சொல்லாகத்தான் கேட்டார்கள், இன்றும் அப்படித்தான் கேட்கிறார்கள். அந்த வழக்கை அட்டை மறுத்துவிடக் கூடாது. கூடவே குறுந்தொகைப் பாட்டையும் வையுங்கள்.

கயல்:
"பிறப்பால்" சேர்க்கலாம், எனக்குச் சம்மதம். பாட்டை வைத்தால் ஒரு குறிப்பும் வேண்டும். அங்கே வரும் காசு செலவழிக்கும் பணம் இல்லை. பொற்கொல்லர் புதுநூலில் கோக்கும் பொற்காசு, நம் காசுமாலையில் இருப்பது போல. வேப்பம்பழத்துக்கு அது பொருந்துவதே அந்தப் பொன்னிறத்தாலும் வடிவத்தாலும்தான்.