லேசர் கோடு இருந்தால் மூலமட்டம் வேண்டாமா?

கொளத்தூர் தச்சன்: நேற்று ஒருவர், "கோடு காட்டும் லேசர் கருவி வாங்கியபிறகு, செங்கோணம் பார்க்கும் மூலமட்டத்தையும் பென்சிலையும் தூக்கிப் போட்டுவிட்டேன்" என்று எழுதியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 26 வருஷமாக நிலையும் கதவும் செய்கிறேன். அந்தக் கோட்டைக் கிட்டப் போய்ப் பாருங்கள், 2 மில்லிமீட்டர் தடிமன். எந்த ஓரத்தில் அறுப்பீர்கள்? கத்தியால் கீறிய கோட்டில் இந்தச் சந்தேகமே வராது.

மடிப்பாக்கம் மாடி: எழுதியவன் நான்தான், பெயர் சொல்லியே கேட்டிருக்கலாம். 14 அடி சுவரில் சமையலறைப் பெட்டி மாட்ட, தண்ணீர்க் குழாயால் மட்டம் பார்க்கும் டியூப் மட்டத்தைப் பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி நின்றால் போச்சு. லேசரை முக்காலியில் வைத்தால் நான் ஒருவனே அரை மணியில் முடிக்கிறேன்.

கொளத்தூர் தச்சன்: நான் கேட்டது எந்த ஓரம் என்று.

அம்பத்தூர் லேத்: முதலில் எந்த லேசர் என்று பேசிக்கொள்ளுங்கள். முக்காலியில் வைத்துச் சுவரில் கோடு காட்டுவது வேறு, சட்டத்தைக் குறுக்கே அறுக்கும் மைட்டர் ரம்பத்தில் வெட்டும் இடத்தைக் காட்டுவது வேறு.

கொளத்தூர் தச்சன்: இரண்டுக்கும் தடிமன் உண்டு சார்.

மடிப்பாக்கம் மாடி: கீழ் ஓரம் என்று முடிவு செய்தால் கடைசிப் பெட்டி வரை கீழ் ஓரம். இதில் என்ன பெரிய சிக்கல்?

கொளத்தூர் தச்சன்: தூரம் போகப் போகக் கோடு தடிக்கும் தம்பி, உங்கள் கீழ் ஓரமும் இறங்கிக்கொண்டே போகும். பல கருவிகளின் பெட்டியிலேயே 10 மீட்டருக்குக் கோடு 3 மில்லிமீட்டர் ஏறலாம், இறங்கலாம் என்றும் போட்டிருக்கிறது. அது கிட்டத்தட்ட ஒரு நூல். எட்டு நூல் ஓர் அங்குலம். கதவுக்கும் நிலைக்கும் நடுவே நான் விடும் இடைவெளியே ஒரு நூல்தான்!

மடிப்பாக்கம் மாடி: சென்னையில் எந்த ஃப்ளாட்டில் 10 மீட்டர் சமையலறை பார்த்தீர்கள்? 3 மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வராது. கணக்கு போட்டுவிட்டுப் பேசுங்கள்.

வேளச்சேரி ஒளி: பச்சை வாங்குங்கள். நம் கண்ணுக்கு நன்றாகத் தெரிவது 555 நானோமீட்டர் அலைநீளத்துப் பக்கம் உள்ள ஒளி. பச்சை லேசர் அதற்குக் கிட்ட இருக்கிறது, 635 சிவப்பு தள்ளி நிற்கிறது. பால்கனி வெயில் உள்ளே அடித்தால் சிவப்பு காணாமல் போய்விடும்.

அம்பத்தூர் லேத்: பச்சை பேட்டரியையும் சீக்கிரம் தின்னும். அதையும் சொல்லுங்கள்.

வேளச்சேரி ஒளி: சார்ஜ் போட்டுக்கொண்டு வரத் தெரியாதவருக்கு எந்த நிறமும் உதவாது.

அம்பத்தூர் லேத்: போன மாசம் பசை விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் எடுத்தெறிந்து பேசினீர்கள். மறக்கவில்லை.

கொளத்தூர் தச்சன்: நிறம் எதுவானாலும் தடிமன் தடிமன்தான். என்னிடம் வேலை பார்த்த பையன் ரம்பத்து லேசரை நம்பித் தேக்குச் சட்டம் நான்கை அறுத்தான். அந்த லேசர் பிளேடின் ஒரு பக்கத்தை மட்டும் காட்டும். அவன் மறுபக்கம் பிடித்துவிட்டான். நான்கும் 3 மில்லிமீட்டர் குட்டை. தேக்கு என்ன விலை விற்கிறது!

மடிப்பாக்கம் மாடி: பிளேடு 3 மில்லிமீட்டர் தின்னும் என்று பையனுக்குச் சொல்லிக் கொடுத்தீர்களா? பென்சில் கோட்டிலும் தப்பான பக்கம் அறுத்தால் குட்டைதான். லேசர் மேல் ஏன் பழி?

கொளத்தூர் தச்சன்: பென்சில் கோடு மரத்தில் இருக்கிறது. அறுத்தபிறகு பாதிக் கோடு நிற்கிறதா என்று முனையைத் திருப்பிப் பார்க்கலாம். சுவிட்சை அணைத்தால் உங்கள் கோடு எங்கே? மூலமட்டம் கீழே விழுந்தால் ஒரு கோடு போட்டு, திருப்பி வைத்து இன்னொன்று போடுவேன். இரண்டும் விலகினால் அன்றைக்கே ஓரங்கட்டிவிடுவேன். உங்கள் கருவி எத்தனை தடவை விழுந்திருக்கும்?

மடிப்பாக்கம் மாடி: அதையும் 180 டிகிரி திருப்பிச் சோதிக்கலாம். மாசாமாசம் செய்கிறேன்.

அம்பத்தூர் லேத்: பிளேடின் நிழலையே மரத்தில் விழவைக்கும் எல்இடி விளக்கு இருக்கிறது. அறுபடும் அகலம் அப்படியே தெரியும்.

கொளத்தூர் தச்சன்: நிழலுக்கும் ஓரம் உண்டு சார். தம்பி, ஞாயிறு காலை பட்டறைக்கு வாருங்கள். நீங்கள் லேசர், நான் மூலமட்டம், ஆளுக்கு ஒரு சட்டம்.

மடிப்பாக்கம் மாடி: வருகிறேன். ஆனால் சட்டம் இல்லை, சுவரில் ஆறு பெட்டி. டியூப் மட்டத்தைத் தயாராக வையுங்கள்.

கொளத்தூர் தச்சன்: பேச்சை மாற்றாதீர்கள். படுக்கைக் கோட்டுக்குக் கீழ் ஓரம் என்றீர்கள். செங்குத்துக் கோட்டுக்கு எந்த ஓரம்?